இலக்கணம் சரி, யோசனை தப்பு

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், சனிக்கிழமை மாலை ஆங்கில வகுப்பை நடத்திவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை பேசியது. அன்று வர இயலாத உறுப்பினர்களுக்காக அவர் பேசியபடியே இங்கே தருகிறோம்.)



"டீச்சர், இங்கிலீஷ் கிளாஸ் எப்படி நடக்குதுன்னு பத்து நிமிஷம் சொல்லுங்க"ன்னு தலைவி அம்மா சொன்னாங்க. வரவு செலவு அறிக்கை வாசித்து முடித்த பிறகு பேசுகிறவள் நான். உங்களுக்குப் பசி நேரம் என்று தெரியும். ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனசு வரவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஜூன் மாதம் நம் கூட்டமைப்புக் கட்டடத்தில் இந்த வகுப்பைத் தொடங்கினோம். பதினாலு பேர் வந்தார்கள். ஒன்பது பேர் உங்கள் பிள்ளைகள். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் உதவியாளர் வேலை, வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று கிளம்பத் தயாராக இருந்தவர்கள். மீதி ஐந்து பேர் உறுப்பினர்களே. அதில் ஒருவர், 2021 ஆகஸ்டில் நம் மாநிலத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பவர்.

முதல் நாள் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான். "உங்களுக்கு எதுக்கு இங்கிலீஷ்?"

"மாத்திரை அட்டையில எல்லாம் இங்கிலீஷ்லதான் போட்டிருக்கு டீச்சர்."

"டாக்டர் எழுதுற சீட்டு புரியல."

"நான் போகப்போற வீட்டுல தமிழ் தெரியாதாம்."

சுற்றிச் சுற்றி எல்லா பதிலும் ஆஸ்பத்திரிக்கே வந்து நின்றது. அதனால் பூ, பழம், பறவை எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டுத் தலைவலியில் பாடத்தை ஆரம்பித்தோம். ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் இப்படி ஒரு பாடம் வழக்கமாகவே இருக்கும். ஒருவர் தன் உடம்புக்கு என்ன என்று சொல்வார், மற்றவர் யோசனை சொல்வார். பார்க்கச் சின்னப் பாடம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மயக்கம் என்றால் எந்த மயக்கம்?

முதலில் நோயைச் சொல்லப் பழகினோம். தமிழில் நமக்குக் காய்ச்சல் "அடிக்கும்". ஆங்கிலத்தில் காய்ச்சலை "வைத்திருக்க" வேண்டும். ஐ ஹேவ் எ ஃபீவர். தலைவலி ஹெட்ஏக், பல்வலி டூத்ஏக், வயிற்றுவலி ஸ்டமக்ஏக், முதுகுவலி பேக்ஏக். முழங்கால் வலிக்கு அப்படி ஒரு ஏக் கிடையாது. ஐ ஹேவ் பெயின் இன் மை நீ என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

சிக்கல் எங்கே வந்தது தெரியுமா? நம் தமிழ்ச் சொல்லில்தான் வந்தது. ஒரு உறுப்பினர், "எனக்கு மயக்கமா இருக்குன்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டார். எந்த மயக்கம் என்று திருப்பிக் கேட்டேன். தலை சுற்றிக் கிறுகிறுன்னு வருதா? அது டிஸி. நினைவு தப்பிக் கீழே விழுந்துட்டீங்களா? அது ஃபெயின்டட். கண்ணைச் சொருகித் தூக்கம் தூக்கமா வருதா? அது டிரவ்ஸி. மூன்றுக்கும் நாம் மயக்கம் என்றே சொல்லிவிட்டுப் போகிறோம். மருத்துவருக்கு இந்த மூன்றும் ஒன்றில்லை.

அதேபோலச் "சூடு". "சூடு பிடிச்சிருக்கு" என்றால் நம் ஊரில் சிறுநீர் போகும்போது எரிகிறது என்று புரிந்துகொள்வார்கள். அதை ஹீட் என்று மொழிபெயர்த்துத் தமிழ் தெரியாத மருத்துவரிடம் சொன்னால் அவர் காய்ச்சல் மாத்திரை எழுதக்கூடும். எரிச்சல் என்றால் பர்னிங். எங்கே எரிகிறது, எப்போது எரிகிறது என்று சொல்ல வேண்டும். அந்த வாரம் எல்லாருக்கும் ஒன்று புரிந்தது. ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல வேண்டுமானால், முதலில் தமிழில் நமக்கு என்ன செய்கிறது என்று சரியாகத் தெரிய வேண்டும்.

சிவப்பு மையில் நான் போட்ட டிக்

அடுத்து யோசனை சொல்லும் பாடம். யூ ஷுட் டிரிங்க் வாட்டர், யூ ஷுட் டேக் ரெஸ்ட். "ஷுட் என்பதைக் குறுக்கிச் சொல்லுங்கம்மா. ஷூட்டுன்னு நீட்டினா சுடுறதாயிடும்" என்றேன். ஒரே சிரிப்பு. ஷுட் வந்தால் பின்னால் வருவது டிரிங்க்தான், டிரிங்க்ஸ் இல்லை, டு டிரிங்க்கும் இல்லை என்று நூறு தடவை சொல்லி, ஆளுக்குப் பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னேன்.

நோட்டுகளைத் திருத்தினேன். ஒரு பிள்ளை, நல்ல கெட்டிக்காரி, ஒரு பிழை இல்லாமல் எழுதியிருந்தாள். அதில் ஒரு வாக்கியம் இது. "யுவர் சைல்ட் ஹேஸ் லூஸ் மோஷன். யூ ஷுட் நாட் கிவ் வாட்டர்." உங்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, தண்ணீர் கொடுக்கக் கூடாது.

இலக்கணம் சுத்தம். ஷுட் நாட் சரி, கிவ் சரி. சிவப்பு மையில் டிக் போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு நடந்து போகும்போது பாலத்துப் பக்கம் வந்ததும் கால் நின்றுவிட்டது. நான் எதுக்கு டிக் போட்டேன்?

சகோதரிகளே, இதை நான் எங்கும் பேசியதில்லை. இன்றைக்குச் சொல்கிறேன். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எனக்கு ஒன்றரை வயதில் ஒரு தம்பி இருந்தான். அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. "தண்ணி காட்டாதீங்க, குடிச்சா இன்னும் போகும்" என்று அப்பத்தா சொல்லிவிட்டாள். அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் நான். அவன் தண்ணிச் சொம்பைப் பார்த்துக் கையை நீட்டினான். நான் அந்தச் சொம்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். பெரியவர்கள் சொன்னதைக் கேட்கிற நல்ல பிள்ளை நான். மூன்றாவது நாள் அவன் போய்விட்டான்.

அப்பத்தா கெட்டவள் இல்லை. எங்கள் எல்லாரையும் வளர்த்தது அவள்தான். அவளுக்கு அவளுடைய மாமியார் சொல்லியிருப்பாள், அவளுக்கு அவளுடைய மாமியார். பாசத்தில் சொன்ன யோசனைதான். ஆனால் பாசம் இருப்பதால் யோசனை சரியாகிவிடாது. ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதிவிட்டாலும் சரியாகிவிடாது.

அடுத்த சனிக்கிழமை அந்த வாக்கியத்தைப் போர்டில் எழுதி, இது சரியா என்று கேட்டேன். பதினாலு பேரில் பாதிக்கு மேல் சரி என்று கை தூக்கினார்கள். இது அந்தக் காலத்துக் கதை என்று நினைக்காதீர்கள். செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகள் தூக்கிய கை அது.

உப்பும் சர்க்கரையும் செய்த வேலை

அன்றைக்கு ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டு இதைத்தான் பேசினோம். உங்களுக்கும் சொல்கிறேன். வயிற்றுப்போக்கில் பிள்ளையின் உயிரைப் பெரும்பாலும் எடுப்பது, உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியே போய்விடுவதுதான். வெளியே போவதற்கு ஈடாக உள்ளே போக வேண்டும். வெறும் தண்ணீரை விட உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் நன்றாக உள்ளே போகும். ஏன்? குடல் சர்க்கரையை உறிஞ்சும்போது உப்பையும் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்கிறது.

1971-ல் வங்கதேசப் போரின்போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். பொங்காவ் என்ற இடத்தில் இருந்த முகாமில் காலரா பரவியது. ஊசி வழியாக ஏற்றும் குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே இருந்த டாக்டர் திலீப் மகாலனபிஸ், உப்பு, சர்க்கரை, சோடா உப்பு மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்தார். நோயாளிகளோடு வந்த உறவினர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலைமை மாறி, நூற்றுக்கு நான்குக்கும் கீழே வந்தது. அவர் 2022-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் விருது கொடுத்தார்கள். கவனியுங்கள், அந்தத் தண்ணீரைப் புகட்டியவர்களில் நம்மைப் போன்ற அம்மாக்களும் அக்காக்களும் இருந்தார்கள்.

இன்றைக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாகக் கிடைக்கிறது. ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து டம்ளரில் கலந்தால் அளவு தவறிவிடும். கலந்ததை 24 மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாக்கெட் இல்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலை தட்டிய அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினால் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். போக்கு நின்றுவிட்டாலும் அதை 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். கண் குழி விழுந்தாலும், பிள்ளை குடிக்க முடியாமல் துவண்டு கிடந்தாலும், மலத்தில் ரத்தம் வந்தாலும், சிறுநீர் குறைந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

அந்த வாரத்திலிருந்து வகுப்பில் ஒரு சட்டம் போட்டோம். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இரண்டு டிக். இலக்கணத்துக்குச் சிவப்பு, யோசனைக்குப் பச்சை. சிவப்புப் பேனா என் கையில். பச்சைப் பேனா என் கையில் இல்லை. மாதம் ஒரு தடவை வரும் கிராம சுகாதார செவிலியர் அம்மா கையில். இரண்டு டிக்கும் விழுந்த வாக்கியத்தைத்தான் பிள்ளைகள் மனப்பாடம் செய்யலாம்.

கடன் கொடுக்கும்போது கேட்கிறோம் அல்லவா?

ஒரு பிள்ளை நோயாளியாக நடித்து, "ஐ ஆம் ஆல்வேஸ் டயர்ட்" என்றாள். எப்போதும் அசதியாக இருக்கிறது என்று அர்த்தம். எதிரே இருந்தவள் பட்டென்று, "யூ ஷுட் நாட் பி லேஸி" என்றாள். சோம்பேறியாக இருக்கக் கூடாதாம்! எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் யோசித்தோம். நம் வீடுகளில் அசந்து உட்கார்ந்த பெண்ணுக்கு இந்தப் பதில்தானே கிடைக்கிறது?

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் 53 பேருக்கு. அந்த அசதி சோம்பேறித்தனமா, ரத்தம் குறைந்த அசதியா என்று கேட்காமலே தெரிந்துவிடுமா? கேட்டால்தான், "ரத்தப் பரிசோதனை செஞ்சுக்கங்க, இரும்புச்சத்து மாத்திரையை டீயோட சேர்த்துப் போடாதீங்க" என்று உருப்படியாக ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

நம் குழுவில் ஒருவர் உள்கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? எதுக்கு, எவ்வளவு, பழைய கடன் பாக்கி இருக்கா, எத்தனை தவணை என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கொடுக்கிறோம். ஐயாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு கேள்வி. யோசனை கொடுக்கும்போது மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "தலை வலிக்குதா? இந்த மாத்திரையைப் போடு." முடிந்தது.

அதனால் வகுப்பில், நாலு கேள்வி கேட்காமல் யோசனை சொன்னால் அந்த வாக்கியம் செல்லாது என்று வைத்தோம். என்ன செய்கிறது? வாட் இஸ் தி ப்ராப்ளம்? எத்தனை நாளாக? சின்ஸ் வென்? வேறு என்ன தொந்தரவு? எனிதிங் எல்ஸ்? ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா? ஆர் யூ டேக்கிங் எனி மெடிசின்? பெண்களிடம் ஐந்தாவதாக ஒன்றும் உண்டு. மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கிறதா, கர்ப்பமாக இருக்கலாமா? வெட்கப்படாமல், ஆனால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய கேள்வி.

மூன்று சொல், மூன்று எடை

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம் பேச்சில் "ணும்" என்று ஒன்று இருக்கிறது. தண்ணி குடிக்கணும். வெந்நீர்ல வாய் கொப்பளிக்கணும். நெஞ்சு வலின்னா ஆஸ்பத்திரி போகணும். எல்லாவற்றுக்கும் ஒரே ணும். வாய் கொப்பளிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. நெஞ்சு வலிக்குப் போகாவிட்டால் உயிர் போகும். கேட்பவருக்கு இரண்டும் ஒரே எடையில் கேட்கிறது.

ஆங்கிலத்தில் இதற்கு மூன்று சொல் பழகினோம். குட், ஷுட், மஸ்ட்.

குட் என்றால் "செய்து பார்க்கலாம்". சாதாரண சளி, தொண்டைக் கரகரப்பு, வெயிலில் நின்றதால் தலைவலி. உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், நிழலில் படுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். யூ குட் ட்ரை திஸ்.

ஷுட் என்றால் "செய்வதுதான் நல்லது, தள்ளிப் போடாதீங்க". இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா? சளிப் பரிசோதனை செய்ய வேண்டும், அரசு மருத்துவமனையில் இலவசம். இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சலா? மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்த அழுத்த மாத்திரையை "இப்ப நல்லாத்தான் இருக்கேன்" என்று தானாக நிறுத்தக் கூடாது. அடுப்படியில் கையைச் சுட்டுக்கொண்டால் ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். பேஸ்ட், இங்க், மாவு எதையும் அப்பக் கூடாது.

மஸ்ட் என்றால் "இப்பவே, இந்த நிமிஷமே". வியர்வையோடு நெஞ்சு வலி. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை துவண்டு போவது, பேச்சு குழறுவது. மூச்சுத் திணறல். கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, வலிப்பு, அல்லது கண் மங்கலோடு கடும் தலைவலி. பாம்புக் கடி. இதில் கட்டுப் போட்டு இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எல்லாமே கெடுதல். கடிபட்ட இடத்தை அசைக்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போக வேண்டும். நாய்க் கடி என்றால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் வேண்டாம். இவற்றுக்கு 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். யூ மஸ்ட் கோ நௌ.

பிள்ளைகளுக்கு நான் சொன்னது இதுதான். மஸ்ட் என்ற சொல்லைப் பெட்டியில் பூட்டி வையுங்கள். சளிக்கும் இருமலுக்கும் செலவு பண்ணாதீர்கள். எல்லாத்துக்கும் கத்துகிறவள் பேச்சை, நிஜமாக வீடு பற்றி எரியும்போது யாரும் கேட்க மாட்டார்கள்.

மரியாதையும் முக்கியம். வயதில் மூத்தவரிடம் சின்ன விஷயத்துக்கு யூ மஸ்ட் என்றால் அதிகாரம் போல இருக்கும். நாம் "கொஞ்சம் படுத்துப் பாருங்களேன் அத்தை" என்கிறோமே, அதற்கு ஒய் டோண்ட் யூ ரெஸ்ட்? என்று வைத்துக்கொள்ளலாம். யூ ஹேட் பெட்டர் என்று ஒன்று இருக்கிறது. கேட்க நயமாக இருக்கும். ஆனால் அதற்குள் "செய்யலேன்னா பாரு" என்ற மிரட்டல் ஒளிந்திருக்கிறது. வேலைக்குப் போகும் வீட்டில் அதைச் சொல்லிவிடாதீர்கள்.

மாத்திரைப் பெயர் நம் வாயில் வேண்டாம்

இன்னொரு சட்டம். வகுப்பில் யாரும் யாருக்கும் மாத்திரைப் பெயரைச் சொல்லி யோசனை சொல்லக் கூடாது. டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுப்ரோஃபனும் ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் டெங்குவா இல்லையா என்று நமக்குத் தெரியாது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரமே ஆபத்தான நேரம். அப்போது கடுமையான வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் வந்தால் அது மஸ்ட். மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் உதவி ஆகாது.

ஆனால் மருத்துவர் எழுதிக் கொடுத்ததைப் படிக்கத் தெரிய வேண்டும். சீட்டில் ஓ.டி. என்றால் நாளைக்கு ஒரு வேளை. பி.டி. என்றால் இரண்டு வேளை. டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. ஹெச்.எஸ். என்றால் படுக்கப் போகும்போது. எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும். நம் வகுப்புக்கு வரும் ஒரு அம்மா, முழங்கால் வலிக்கு எஸ்.ஓ.எஸ். என்று எழுதிக் கொடுத்த மாத்திரையை எட்டு மாதமாகத் தினமும் வெறும் வயிற்றில் போட்டு வந்திருக்கிறார். வயிறு புண்ணாகிப் போனது. அவர் படிக்காதவர் இல்லை. பத்தாவது பாஸ். அந்த மூன்று எழுத்தை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

அட்டையில் எக்ஸ்ப் என்று போட்டிருப்பது காலாவதித் தேதி. கடையில் நாலு மாத்திரை வெட்டி வாங்கும்போது தேதி இருக்கும் பக்கம் கடையிலேயே தங்கிவிடும். தேதியைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கேட்பது நம் உரிமை.

பிழையான ஒரு வாக்கியம்

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் வகுப்பில் படித்த ஒரு பெண் இப்போது கோயம்புத்தூரில் ஒரு வீட்டில் வயதான அம்மா ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவருக்குத் தமிழ் தெரியாது. மகள் வெளிநாட்டில். ஒரு நாள் காலையில் காபி கொடுக்கும்போது அந்த அம்மாவுக்குப் பேச்சு குழறியது. வலது கையைத் தூக்கச் சொன்னால் தூக்க முடியவில்லை. மகளுக்குப் போன் போட்டாள். ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், சாயங்காலம் பார்ப்போம் என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார் மகள்.

சம்பளம் கொடுக்கிறவர் அவர். இவளுக்கு வயது இருபது. பக்கவாதத்துக்கு, ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்று வகுப்பில் செவிலியர் அம்மா சொன்னது அவளுக்கு நினைவு இருந்தது. இவள் சொன்னாள். "நோ மேடம். ஷீ மஸ்ட் கோ ஹாஸ்பிடல் நௌ. ஐ கால் ஆம்புலன்ஸ்." சொல்லிவிட்டுக் கூப்பிட்டும் விட்டாள்.

அந்த அம்மாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. கை இன்னும் கொஞ்சம் பலவீனம்தான். தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது இதை என்னிடம் சொல்லிவிட்டு அந்தப் பெண் கேட்டாள். "டீச்சர், கோ-வுக்குப் பின்னாடி டு வரணும்ல? பதட்டத்துல விட்டுட்டேன்."

ஆமாம், வரணும். ஐ கால் என்பதும் ஐ வில் கால் என்று இருக்கணும். சிவப்பு மையில் பார்த்தால் பிழை உண்டு. பச்சை மையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. முதலில் நான் டிக் போட்ட வாக்கியத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது பிழையில்லாத ஆங்கிலம், ஒரு பிள்ளையைக் கொன்றுவிடும். இது பிழையான ஆங்கிலம், ஒரு உயிரைக் காப்பாற்ற உதவியது. முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியை வேலை பார்த்த எனக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தது உங்கள் பிள்ளைகள்தான்.

உங்களிடம் மூன்று கோரிக்கை. ஒன்று, உங்கள் குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் தவணையும் வாங்கி முடித்ததும் மாதம் ஒரு தடவை கால் மணி நேரம் இதைப் பேசுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் பரவாயில்லை. லாம், நல்லது, இப்பவே என்று தமிழிலேயே மூன்று எடை வைத்துப் பேசலாம். இரண்டு, புது வகுப்பு ஜூனில் தொடங்குகிறது. பிள்ளைகளை அனுப்புங்கள், நீங்களும் வாருங்கள். வயதைப் பார்க்காதீர்கள். மூன்று, உங்கள் வீட்டில் வயிற்றுப்போக்கில் கிடக்கும் பிள்ளை தண்ணிக்குக் கை நீட்டினால், யார் என்ன சொன்னாலும், அந்தச் சொம்பை மறைக்காதீர்கள்.